பெரியம்மாவை ஆட வைக்கும் பையன்

கல்யாண ரிசப்ஷனுக்கு யாரும் ஆடுவதற்கென்று வருவதில்லை. மேடையேறிக் கவரைக் கொடுத்து, போட்டோவுக்கு நின்று, எத்தனாவது பந்தி ஓடுகிறது என்று விசாரித்து, சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு கடைசி பஸ்ஸைப் பிடிக்க வருகிறார்கள். எட்டு மணி வாக்கில் மண்டபம் நிரம்பி வழியும். மேடைக்கு ஏற ஒரு வரிசை, சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்க ஒரு வரிசை. இரண்டுக்கும் நடுவே ஒரு மூலையில், கறுப்புத் துணி போர்த்திய மேசைக்குப் பின்னால், ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பத்தொன்பது இருபது வயதுப் பையன் ஒருவன் நிற்கிறான். இந்தக் கூட்டத்தை அவன் ஆட வைக்க வேண்டும். அதற்குத்தான் அவனுக்குக் கூலி.

கிளப்பில் வாசிக்கும் டிஜேவுக்கு இந்தக் கவலை கிடையாது. அங்கே வருகிறவர்களுக்கு ஏறத்தாழ ஒரே வயது, ஒரே ரசனை. ஆடவே காசு கொடுத்து உள்ளே நுழைந்தவர்கள். கல்யாணத்தில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கிறது. பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒன்றையொன்று எடை போட்டபடி இருக்கின்றன. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் சத்தமாகச் சிரிக்காதே என்று சொல்லி வளர்த்த பிள்ளையின் கையில் மைக்கைக் கொடுத்து, ஐந்நூறு பெரியவர்களை எழுந்து வரச் சொல் என்கிறோம். முதல் தடவை நிற்கிறவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

“தன்னம்பிக்கை வேணும் தம்பி” என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே கிடைக்கும் என்றுதான் யாரும் சொல்வதில்லை. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினால் வருவதாகவோ, விலை கூடின மெஷின் வாங்கினால் வருவதாகவோ நினைத்துப் பல பையன்கள் வட்டிக்குப் பணம் வாங்குகிறார்கள். ஆனால் ரிசப்ஷன் நடக்கும் அந்த மூன்று மணி நேரத்துக்குள் அது எங்கிருந்தும் முளைத்து வராது. வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசும் அரை மணி நேரத்திலும், மண்டபத்தில் ஒயர் இழுக்கும் மத்தியானத்திலும் அதில் பாதி வந்துவிடுகிறது. மீதிப் பாதி, கூட்டத்தைப் பார்க்கத் தெரிவதில் இருக்கிறது.

மைக் செட்காரரின் பேரன்

டிஜே என்றதும், நேற்று எங்கிருந்தோ வந்த கலாச்சாரம் என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் தங்கள் கல்யாணத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். முதல் நாளே வந்து இறங்கிய ரேடியோ செட், மரத்து உச்சியில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், பெட்டி நிறைய ரெக்கார்டுகள். விடியலில் பக்திப் பாட்டு, பெண் அழைப்புக்கு ஒன்று, தாலி ஏறியதும் ஒன்று, பந்தி நடக்கும்போது ஒன்று என்று நேரமும் முகமும் பார்த்து ரெக்கார்டை மாற்றிய மைக் செட்காரர்தான் தமிழ்நாட்டின் முதல் கல்யாண டிஜே. எந்த வீட்டில் எந்தப் பாட்டுப் போட்டால் சண்டை வரும் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும்.

கடல் தாண்டியும் கதை இப்படித்தான் இருக்கிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் தெருக்களில், ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கிப் பாட்டுப் போடும் சவுண்டு சிஸ்டங்களைக் கேட்டு வளர்ந்தவர் கிளைவ் கேம்பல். 1967இல் குடும்பத்தோடு நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். 1973 ஆகஸ்ட் 11 அன்று, பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி எடுக்கக் காசு சேர்க்க வேண்டி, அவருடைய தங்கை சிண்டி தங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். பாட்டுப் போட்டவர் 18 வயது அண்ணன். ஆடுகிறவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்த அவருக்கு ஒன்று பிடிபட்டிருந்தது: பாட்டின் நடுவே குரல் நின்று தாளம் மட்டும் தனியாக அடிக்கும் சில நொடிகளுக்காகத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வைத்து, மாற்றி மாற்றி ஓட்டி, அந்தத் துண்டை நீட்டினார். டிஜே கூல் ஹெர்க் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். ஹிப் ஹாப்பின் பிறந்த நாளாக இன்றைக்கும் அந்தத் தேதியைத்தான் கொண்டாடுகிறார்கள்.

ஆட வந்தவர்களின் கால்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம் அது. நம் ஊர்ப் பையனுக்கும் அதே பாடம்தான். ஆனால் பார்க்க வேண்டிய கால்கள் வேறு.

ஒயர் இழுக்கும் மத்தியானம்

இன்றைக்கு டிஜே ஆவதற்கு வேண்டிய சாமான் குறைவு. பிளேயரும் மிக்சரும் ஒரே பலகையில் அடங்கிய கண்ட்ரோலரை லேப்டாப்பில் சொருகினால் போதும். ஸ்பீக்கர், பேஸ் பெட்டி, லைட் எல்லாம் சவுண்டு சர்வீஸில் வாடகைக்குக் கிடைக்கும். எடுத்துப் போக டாடா ஏஸ் இருக்கிறது, நம் குட்டி யானை. 2005இல் அந்த வண்டி வந்தபின் சந்துக்குள் இருக்கும் சின்ன மண்டபத்துக்கும் செட் சுலபமாகப் போய்விடுகிறது. ஆனால் சொந்தமாக வாங்குவதற்கு முன்னால் ஒரு சீசனாவது சவுண்டு சர்வீஸ்காரரிடம் ஒயர் இழுக்கப் போவது நல்லது. பெட்டி தூக்கித் தோள் காய்த்தவனை மண்டபத்தில் யாராலும் சுலபத்தில் பயமுறுத்திவிட முடியாது.

ஏன் என்றால் பயத்தின் பெரும்பகுதி பாட்டைப் பற்றியது இல்லை, மின்சாரத்தைப் பற்றியது. ஸ்பீக்கரில் ‘கொர்ர்ர்’ என்று ஒரு முனகல் கேட்கிறது. புதுப் பையனுக்கு வேர்க்கிறது. பழகினவன் முதலில் லேப்டாப் சார்ஜரை உருவிப் பார்ப்பான். முனகல் நின்றுவிட்டால் எர்த் கோளாறு. எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். போடும்போது மிக்சர் முதலில், ஆம்ப்ளிஃபையர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர் முதலில். மாற்றிச் செய்தால் ‘டொம்’ என்று ஒரு அடி விழும். ஸ்பீக்கருக்கும் நல்லதில்லை, முன் வரிசையில் தூங்கும் கைக்குழந்தைக்கும் நல்லதில்லை. மிக்சரில் சிவப்பு விளக்கு எரியும் அளவுக்கு ஏற்றக்கூடாது. சிவப்பு எரிந்தால் சத்தம் அதிகமாகாது, உடையும், ட்வீட்டரும் போகும். வாட்ஸ்அப்பில் வந்த பாட்டை இயர்போனில் கேட்டு ஏமாறக்கூடாது. பெரிய ஸ்பீக்கரில் அதன் குறையெல்லாம் அம்பலமாகிவிடும்.

கரண்ட் போகும் நேரம் ஒன்றிருக்கிறது. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது பட்டென்று எல்லாம் அணைகிறது. கூட்டம் “ஓஓஓ” என்கிறது. லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது. அதன் உயிரில் கண்ட்ரோலரும் மினுக்குகிறது. ஆம்ப் மட்டும் செத்துக்கிடக்கிறது. திரையில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க, மண்டபத்தில் சத்தம் இல்லை. பழகாத கை பதறி ஃபேடரை மேலே தள்ளும். ஜெனரேட்டர் பிடித்ததும் மொத்தமும் இடி மாதிரி வந்து இறங்கும். பழகின கை முதலில் மாஸ்டரைக் கீழே இழுத்துவிடுகிறது. பாட்டைப் பல்லவிக்குக் கொண்டுவந்து நிறுத்தி வைக்கிறது. ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்ததும் மெதுவாக ஏற்றுகிறது. அதே கூட்டம் அதே “ஓஓஓ”வை இப்போது கும்மாளமாகப் போடுகிறது. இதை ஒரு தடவை சரியாகச் செய்துவிட்ட பையனின் நிற்பே மாறிவிடும். தோள் இறங்கும், மூச்சு சீராகும். அதுவரை கூட்டத்தைக் கண்டு பயந்தவன், இனிமேல் என்ன ஆனாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று நிற்பான்.

வீட்டுக்காரரிடம் பேச வேண்டியது தனி. மணமக்கள் பெயரை வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், முடிவு சொல்லக்கூடிய ஆள் யார், தாய்மாமனா அண்ணனா, மேடைக்கு வரும் நேரம் எது. எல்லாவற்றையும்விட, போடக்கூடாத பாட்டு எது. போன வருஷம் இறந்துபோன சித்தப்பாவுக்குப் பிடித்த பாட்டு ஒன்று அந்த வீட்டில் இருக்கலாம். அது தெரியாமல் ஓடிவிட்டால் மணப்பெண் மேடையிலேயே உடைந்து அழுவாள். இதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்கிற பையனை அந்த வீட்டார் அப்போதே நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். வீட்டார் நம்புகிறார்கள் என்று தெரிந்தாலே கை நடுக்கம் பாதி குறையும்.

யார் முதலில் ஆடுவார்கள்?

குழந்தைகள். எந்த ஊர், எந்தச் சமூகம் ஆனாலும் இதில் மாற்றமில்லை. ஏழு மணிக்கே மேசைக்கு முன்னால் ஓடி விளையாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களை ஓரம் போகச் சொல்லும் டிஜே ஒன்றும் தெரியாதவர். குழந்தை ஆடினால் அம்மா செல்போனில் வீடியோ எடுக்க எழுந்து வருவாள். அம்மா எழுந்தால் ஒரு நாற்காலி காலி, ஆடுதளம் தொடங்கிவிட்டது.

அடுத்து மாப்பிள்ளையின் நண்பர்கள். இவர்கள் ஒரு வட்டம் போட்டு, நடுவில் குதித்து, விசில் அடித்து மண்டபத்தைக் கலக்குவார்கள். புதுப் பையன் இங்கேதான் வழி தவறுகிறான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து வரிசையாகக் குத்துப் பாட்டாக அடுக்குவான். திரும்பிப் பார்த்தால் குடும்பங்கள் நாற்காலியை நகர்த்திப் பின்னால் போயிருக்கும். பத்துப் பேர் ஆட, நானூறு பேர் எப்போது முடியும் என்று காத்திருப்பார்கள்.

கல்யாணம் டிஜேவின் கைக்கு வருவது பெரியம்மா எழுந்து வரும்போதுதான். அத்தையோ சித்தியோ பெரியம்மாவோ, பட்டுப்புடவை கசங்காமல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. அவர் காலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். அந்தக் காலைப் பார்க்க வேண்டும். கணக்கு எளிது: ஒருவர் பதினைந்திலிருந்து இருபது வயதுக்குள் கேட்ட பாட்டு அவர் உடம்பை விட்டுப் போவதில்லை. இன்று ஐம்பத்தைந்து என்றால் 1980களின் பின்பாதி. இளையராஜா ‘அன்னக்கிளி’யில் அறிமுகமானது 1976, பெரியம்மாவின் பள்ளிப் பருவமும் கல்யாணமும் அவர் இசைக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கும். தாத்தாவுக்கு ‘அன்பே வா’ (1966) காலம். இருபத்தெட்டு வயது மாப்பிள்ளைக்கு, இந்தக் கணக்குக்கும் முந்தி, ‘கில்லி’ (2004) அரை டவுசர் நாளின் ஞாபகம். இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டு, ஒவ்வொரு வயதுக்கும் பத்துப் பாட்டு எடுத்து வைத்திருப்பவன் மண்டபத்தில் தடுமாற மாட்டான்.

ஆனால் பாட்டு மட்டும் போதாது, கூப்பிடவும் வேண்டும். சினிமா விழாத் தொகுப்பாளர் மாதிரி ஆங்கிலத்தில் கத்திக் கூப்பிட்டால் பெரியம்மா இன்னும் இறுக்கமாக உட்காருவார். பெரியவர்களை அதட்ட ஒரு சின்னப் பையனுக்கு உரிமை இல்லை. கையைப் பிடித்து இழுக்க, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எப்போதும் உரிமை இருக்கிறது. “பெரியம்மா, நீங்க ஆட வேணாம், சும்மா கை மட்டும் தட்டுங்க. பேரன் பாத்துக்கிட்டு இருக்கான்” என்று ஊர்த் தமிழில், வீட்டுப் பிள்ளையின் குரலில் சொன்னால் பக்கத்திலிருக்கும் மருமகளே அவரைத் தள்ளிக்கொண்டு வருவாள். இந்த இடத்தில்தான் பயந்த பையனின் வளர்ப்பே அவனுக்குத் துணையாகிறது. பெரியவர்களிடம் பணிந்து பேசிப் பழகியவனுக்கு உறவுமுறை வாயில் தானாக வரும். கூச்ச சுபாவக்காரனுக்கு இந்தத் தொழில் ஆகாது என்பதை நான் ஏற்கவே மாட்டேன். கூச்சப்படுகிறவன் அதிகம் பேசாமல் அதிகம் கவனிக்கிறான். இந்த வேலைக்கு அது பெரிய மூலதனம்.

மூன்று பாட்டு ஓடியும் ஒருவரும் வரவில்லையா? அரை நிமிடத்துக்கு ஒரு பாட்டாக மாற்றித் தவிக்க வேண்டாம். காரணம் பெரும்பாலும் பாட்டில் இல்லை. முதல் பந்திக்காரர்கள் கீழே சாப்பிடுகிறார்கள். மணமக்கள் மேடையில் கவர் வாங்கிக்கொண்டு சிலையாக நிற்கிறார்கள். அவர்கள் அங்கே நிற்கும்வரை கூட்டத்தின் கண்ணும் அங்கேதான். சத்தத்தைக் குறைத்து, பேசிக்கொண்டே கேட்கும்படியான பாட்டாக விட்டு வைக்கலாம். போட்டோகிராபரிடம் முன்பே சொல்லி வைத்து, வரிசை மெலிந்ததும் ஒரே ஒரு பாட்டுக்கு மணமக்களைக் கீழே இறக்கிவிட்டால், மண்டபமே அவர்களைச் சுற்றி வந்து நிற்கும். போட்டோகிராபரைப் பகைத்துக்கொண்ட டிஜேவுக்கு இது நடக்காது.

இயந்திரம் சொல்லித்தராத தாளம்

யூடியூபில் பாடம் படித்து வருகிற பையன் ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறான். அங்கே சொல்லித்தரும் நடன இசை கணினியில் செய்தது. நிமிடத்துக்கு 120, 128 என்று அடி பிசகாமல், நான்கு நான்காக ஓடும். ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு பாட்டும் தானாகச் சேர்ந்துகொள்ளும். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டில் அந்தப் பொத்தான் ஏமாற்றிவிடும். ஸ்டூடியோவில் மனிதர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசித்த தாளம் அது. சரணத்தில் கொஞ்சம் முந்தும், திரும்பும்போது கொஞ்சம் நிதானிக்கும். டப்பாங்குத்து வேறொரு சிக்கல். அது பெரும்பாலும் திஸ்ர நடை, மும்மூன்றாக உருளும் அடி. நான்காக நடக்கும் பாட்டோடு அதை ஒட்ட வைத்தால் இரண்டும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும்.

வழி இருக்கிறது. பல்லவி முடிந்து தவிலோ உருமியோ ஒரு முத்தாய்ப்பு வைக்கும் இடத்தில் வெட்டிவிட்டு, அந்த மௌனத்தில் மைக்கில் ஒரு வார்த்தை சொல்லி, அடுத்ததைத் தொடங்கலாம். கல்யாணக் கூட்டம் பாட்டு ஒட்டியிருக்கும் தையலைத் தேடாது. எல்லோருக்கும் தெரிந்த பல்லவி வந்து, சேர்ந்து பாட முடிந்தால் அதற்குப் போதும். பல்லவி வரும் நேரத்தில் சத்தத்தை இறக்கிக் கூட்டத்தைப் பாட விடுகிற பையனிடம் தாளம் எங்கே ஒட்டியது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

முடியாது என்று சொல்ல

ஒன்பது மணிக்கு மேல் மேசைக்கு வருகிறவர்கள் வேறு ரகம். கையில் போன், வாயில் வாடை. “தம்பி, இதைப் போடு.” சில நேரம் அது வெறும் விருப்பப் பாட்டு. சில நேரம் சாதிப் பெருமை பேசும் பாட்டு. ஒரே மண்டபத்தில் பல தரப்பு ஆட்கள் சாப்பிட வந்திருக்கிறார்கள். அப்படி ஒரு பாட்டு ஓடினால், அது மண்டபத்து வாசலோடு நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தச் சாதியின் பெயர் வரும் பாட்டும் என் லேப்டாப்பில் கிடையாது என்று அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். எவ்வளவு சின்ன வயது ஆனாலும், எவ்வளவு பெரிய ஆர்டர் ஆனாலும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பணிவுக்கு இடமே இல்லை என்று நான் நினைக்கிறேன். மற்ற வேண்டுகோள்களுக்கு, “அண்ணே, வீட்ல ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, உடனே போட்டுடறேன்” போதும். முடிவு சொல்லும் ஆளை முதலிலேயே கேட்டு வைத்தது இங்கே கைகொடுக்கிறது.

பத்து மணி விவகாரமும் இப்படித்தான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்குள் அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி வைப்பதற்கு விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல்தான்; மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. “இன்னும் ஒரே பாட்டு” என்று நண்பர்கள் கெஞ்சுவார்கள். 9.50க்கே கடைசிப் பாட்டு என்று மைக்கில் அறிவித்துவிடுகிறவன் கெஞ்சலுக்கும் சண்டைக்கும் ஆளாவதில்லை. பாட்டு உரிமைக்குக் காசு கட்ட வேண்டும் என்று யாராவது வந்து மிரட்டினால் பயப்பட வேண்டாம்: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கல்யாண ஊர்வலத்துக்கும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்கு அளித்திருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு அதை மறுபடியும் தெளிவுபடுத்தியது. இந்த இரண்டு விவரமும் தெரிந்த பையன் போலீஸ்காரரிடமும் மண்டப மேனேஜரிடமும் நிமிர்ந்து பேசலாம்.

இந்தப் பையன்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை காதுதான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதி நேரம்தான் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். பேஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு, சீசன் முழுக்க நிற்கிற பத்தொன்பது வயதுக் காது முப்பதில் என்ன ஆகும்? மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் காதடைப்பான் அற்ப விலைதான். அதை மாட்டிக்கொள்வதை யாரும் பயந்தாங்கொள்ளித்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பேஸ் பெட்டிக்கு முன்னால் குழந்தைகளை விடாமல் பார்த்துக்கொள்வதும் டிஜேவின் பொறுப்புதான்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்தியானம் பெட்டி தூக்கியவர்களைக் கடைசிப் பந்திக்குத் தள்ளுவது பல மண்டபங்களில் வழக்கம். அவர்கள் கீழே போகும்போது சாம்பார் சாதமும் மோரும்தான் மிச்சமிருக்கும். கல்யாண வீட்டார் பெரும்பாலும் தெரியாமல் செய்வது இது. அட்வான்ஸ் பேசும்போதே “எங்க ஆள் நாலு பேருக்கு எட்டு மணிக்குச் சாப்பாடு” என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. முதல் சில ஆர்டர்களில் இதைக் கேட்கக் கூசும். வேலைக்கு வந்த இடத்தில் பசிக்குக் கேட்பது கூச்சப்பட வேண்டிய விஷயமில்லை என்று உடன் இருக்கும் மூத்தவர்கள் சொல்லித்தர வேண்டும். பெண்கள் இந்தத் தொழிலில் இன்னும் குறைவாக இருப்பதற்கும் இப்படிப்பட்ட காரணங்கள் உண்டு: நள்ளிரவில் செட்டைப் பிரித்து வீடு திரும்பும் வழி, மண்டபத்தில் உடை மாற்ற ஓர் அறை. அட்வான்ஸ் பேசும் மேசையிலேயே அதையும் கேட்டு வாங்கலாம்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. வருமானமும் இல்லை. கேபிள்களைப் பிரித்துச் சாலிடர் வைத்து, போன சீசனில் தளத்தைக் காலி செய்த பாட்டுகளை நீக்கி, நிரப்பிய பாட்டுகளுக்குப் பக்கத்தில் எத்தனை மணிக்கு, யார் எழுந்து வந்தார்கள் என்று குறித்து வைக்க அந்த மாதங்கள் போதும். ஆவணி நெருங்கும்போது போன் வரத் தொடங்கும். விளம்பரத்தைப் பார்த்து வருவது கொஞ்சம்தான். மண்டப மேனேஜர், சமையல் காண்ட்ராக்டர், போட்டோகிராபர் என்று அன்றைக்கு ராத்திரி பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள் நம்பர் கொடுத்து அனுப்புவதே அதிகம். போனில் பேசுகிறவர் பெரும்பாலும் எங்கள் வீட்டிலும் பெரியம்மா ஒருவர் இருக்கிறார் என்றுதான் ஆரம்பிப்பார். தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள், பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்கிவிட்டு டைரியில் எழுதுங்கள், மீதியைச் செட் போட்டு முடித்ததும் பாட்டுத் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.